காற்றுத்தூம்பு, தூம்புத் துப்புரவு: ‘ஏர் டக்ட் க்ளீனிங்’ என்பதற்கான சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஒரே கருவியிலிருந்து எல்லா அறைகளுக்கும் காற்றைக் கொண்டுசெல்லும் ‘டக்ட்’ அமைப்பையும், அதைத் தொழில்முறையாகத் துப்புரவு செய்யும் பணியையும் தமிழில் எப்படிக் குறிப்பது என்று இந்த இழையில் கேட்கப்பட்டது. இதுவரை காற்றுக்குழாய் சுத்திகரிப்பு, காற்று நாளத் தூய்மை, வளிக்கால் தூர்வாரல் என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் முன்பாதியைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசியிருக்கிறோம். எனக்கு உறுத்துவது பின்பாதிதான். ஆனாலும் முன்பாதியை முடிக்காமல் அங்கே போக முடியாது.

> ‘குழாய்’ எல்லோருக்கும் தெரிந்த சொல். தெரிந்த சொல் இருக்கும்போது புதிய சொல் எதற்கு?

நியாயமான கேள்வி. தனியே ஒரு டக்டை மட்டும் சுட்டுவதென்றால் ‘காற்றுக்குழாய்’ போதும். ஆனால் இந்தக் கருவியின் அருகில் போய் நின்று பார்த்தால் குழாய்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. குளிர்பதனப் பொருள் ஓடும் செம்புக் குழாய்கள் இருக்கின்றன. குளிர்ச்சுருளில் திரளும் நீரை வெளியேற்றும் வடிகுழாய் இருக்கிறது. எரிவாயுவால் இயங்கும் சூடேற்றி என்றால் எரிவாயுக் குழாயும் வருகிறது. இவை எல்லாம் உருண்டையானவை, ஒடுங்கியவை. டக்டோ பெரும்பாலும் துத்தநாகம் பூசிய தகட்டை மடித்துச் செய்த, செவ்வக வெட்டுமுகம் கொண்ட அகன்ற பாதை. சில இடங்களில் அது இழைக்கண்ணாடிப் பலகையால் ஆனது. சில இடங்களில் கம்பிச்சுருளின்மேல் நெகிழித்தாளும் வெப்பக்காப்பும் சுற்றிய வளையும் பாதை. ‘குழாயைத் திறந்து பாருங்கள்’ என்று ஒரு கையேட்டில் எழுதினால் படிப்பவர் எதைத் திறப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஒரே அறையில் இருக்கும் இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே பெயர் வைப்பதைக் கலைச்சொல்லாக்கம் தவிர்த்தாக வேண்டும்.

‘நாளம்’ உடலியலுக்கு உரியதாகிவிட்டது. பித்தநாளம், நாளமில்லாச் சுரப்பி என்று பள்ளிப் பாடத்திலேயே பழகிய சொல்லை வீட்டுக் கூரைக்கு ஏற்றுவது வீண்குழப்பம். ‘காற்றுவழி’ என்பதற்கும் இதே இடர் உண்டு. மருத்துவத்தில் அது மூச்சுப்பாதையைக் குறிக்கப் பயன்படுகிறது.

‘வளிக்கால்’ அழகான சொல் என்பதில் எனக்கு ஐயமில்லை. வாய்க்காலில் உள்ள ‘கால்’ இங்கே பாதையாகிறது. ‘கால்’ என்பதற்குக் காற்று என்ற பொருளும் இருப்பதால் சொல்லுக்குள் ஒரு விளையாட்டும் ஒளிந்திருக்கிறது. ஆனால் அந்த விளையாட்டே எனக்குத் தயக்கத்தைத் தருகிறது, ஏனென்றால் கையேட்டைப் படிக்கும் பணியாளருக்கு அது உதவாது. அதைவிட முதன்மையான தடை ‘வளி’ என்பதுதான். அறிவியல் தமிழில் ஒரு சாரார் ‘வளி’யை வாயு என்ற பொதுப்பொருளில் ஆள்கிறார்கள். எரிவாயுக் குழாய் ஓடும் அதே இடத்தில் ‘வளிக்கால்’ என்று எழுதி, ஒருவர் அதை வாயுப் பாதை என்று படித்துவிட்டால் நேர்வது வெறும் சொற்குழப்பமாக நின்றுவிடாது. ஆகவே ‘காற்று’ என்ற வெளிப்படையான சொல்லையே முன்னே வைக்கலாம்.

நான் முன்வைப்பது ‘காற்றுத்தூம்பு’. ஏரியிலிருந்து நீரை வெளியே விடும் அமைப்பைத் தூம்பு என்றும், அதன் ஒரு வகையைக் குமிழித்தூம்பு என்றும் சொல்வது பலருக்குத் தெரிந்திருக்கும். ‘தூம்பு நீருக்கு உரியது, காற்றுக்கு எப்படிப் பொருந்தும்’ என்று கேட்பவர்களுக்கு மலைபடுகடாமே விடை தருகிறது. அங்கே ‘களிற்றுயிர்த் தூம்பு’ என்று வருவது யானையின் துதிக்கையைப் போல நீண்ட ஊதுகருவி. அதற்குள் ஓடுவது மூச்சுக்காற்று. உள்ளே வெறுமையாக இருந்து எதையேனும் செலுத்தும் நீண்ட அமைப்பு என்பதே சொல்லின் அடிப்படை. வெட்டுமுகம் வட்டமா செவ்வகமா என்ற கட்டுப்பாடும் அதற்கு இல்லை.

நல்ல கலைச்சொல் குட்டி போட வேண்டும் என்பார்கள். இது போடுகிறது. கருவியிலிருந்து அறைகளுக்குக் காற்றைத் தருவது வழங்குதூம்பு. அறைக்காற்றைக் கருவிக்குத் திரும்பக் கொண்டுவருவது மீள்தூம்பு. முதன்மைப் பாதை தலைத்தூம்பு. அதிலிருந்து பிரிவது கிளைத்தூம்பு. இணைப்புகளில் காற்று ஒழுகுவது தூம்புக்கசிவு. காற்று அறைக்குள் நுழையும் இடத்தைக் காற்றுவாய் என்றும், அதன் முகப்பில் உள்ள சட்டத்தைக் கிராதி என்றும் சொல்லலாம். கிராதி நம் வீட்டுச் சன்னல்களில் ஏற்கெனவே இருக்கும் சொல்தான்.

இடையில் ஒரு சிறு செய்தி. ‘டக்ட் டேப்’ என்று உலகெங்கும் விற்கும் துணிநாடாவுக்கு ஒருவர் தனியே சொல் கேட்டிருந்தார். அதைத் ‘தூம்பு நாடா’ என்று மட்டும் பெயர்த்துவிடாதீர்கள். தூம்பு இணைப்புகளை அடைக்கும் பொருள்களை அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் சோதித்து 1998இல் முடிவுகளை வெளியிட்டபோது, வெப்பத்திலும் குளிரிலும் மாறிமாறி வைக்கப்பட்ட அந்த நாடாதான் பிடிப்பை இழந்து மோசமாகத் தோற்றது. தூம்பின் பெயரைத் தாங்கிய பொருள் தூம்புக்கே ஆகாது! பசைநாடா என்றோ துணிநாடா என்றோ சொல்லிவிட்டு, இணைப்பை அடைக்கப் பூசும் களிம்பான மாஸ்டிக்குக்குத் ‘தூம்படைப்புக் களிம்பு’ என்று பெயர் வைப்பதே பயனுள்ள வேலை.

இனிப் பின்பாதிக்கு வருகிறேன்.

> ‘சுத்திகரிப்பு’ என்றே சொல்லலாமே. குடிநீர்ச் சுத்திகரிப்பு, காற்றுச் சுத்திகரிப்பு என்று மக்கள் பழகியிருக்கிறார்கள்.

பழகியிருப்பதுதான் சிக்கல். குடிநீரைச் சுத்திகரித்தால் குடிப்பவருக்கு நன்மை என்பது அந்தச் சொல்லுடனேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. தூம்பைச் சுத்திகரித்தால் அதன்வழி வரும் காற்றும் சுத்திகரிக்கப்பட்டது, எனவே இருமலும் ஒவ்வாமையும் குறையும் என்று படிப்பவர் தாமே முடித்துக்கொள்வார். இந்த முடிவுக்குச் சான்று இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீட்டுக்காரர்களுக்காக 1997இல் வெளியிட்ட வழிகாட்டி, தூம்புத் துப்புரவு உடல்நலக் கேடுகளைத் தடுக்கிறது என்று நிறுவப்பட்டதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. தூம்பின் உட்சுவரில் படிந்த தூசியில் பெரும்பகுதி அங்கேயே ஒட்டிக் கிடக்கிறது. அது அறைக்குள் வந்தே தீரும் என்பதில்லை. மீள்தூம்பின் கிராதியில் தூசி சேர்வதும் இயல்பானது. அறையின் தூசியை அது இழுப்பதால் அப்படி ஆகிறது. அதைத் தூசி உறிஞ்சியால் எடுத்துவிட்டாலே போதும்.

எப்போது துப்புரவைக் கருத வேண்டும் என்பதற்கு அந்த வழிகாட்டி மூன்று நிலைகளைக் குறிக்கிறது. தகட்டுத் தூம்பின் உள்ளேயோ கருவியின் பிற உறுப்புகளிலோ பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் அளவு பரவியிருப்பது ஒன்று; எலியோ பூச்சிகளோ குடிபுகுந்திருப்பது மற்றொன்று; தூசியும் குப்பையும் பாதையையே அடைத்து, காற்றுவாய் வழியாகத் துகள்கள் அறைக்குள் வந்து விழுவது மூன்றாவது. இந்த நிலைகளில்கூட எதனால் இப்படி ஆனது என்று கண்டு சரிசெய்யாவிட்டால் அது திரும்ப வரும். பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். குளிர்ச்சுருளின் நீரை ஏந்தும் வடிதட்டில் நீர் தேங்குவதோ, வெப்பக்காப்பு இல்லாத தகட்டில் நீர் வியர்ப்பதோ நிற்காதவரை எத்தனை முறை துப்புரவு செய்தும் பயனில்லை.

இதே காரணத்தால்தான் ‘தூர்வாரல்’ என்பதையும் என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. தமிழில் இதைவிடப் பொருத்தமாகத் தோன்றும் வினை வேறு இல்லை என்பது உண்மை. ஆனால் கிணற்றைத் தூர்வாருவது காலம் தவறாமல் செய்ய வேண்டிய பணி. வாராவிட்டால் ஊற்று அடைபடும். அந்தக் கடமையுணர்வு சொல்லோடு சேர்ந்து வருகிறது. தூம்புக்கு அப்படி ஆண்டுக்கொரு முறை என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தேவை ஏற்பட்டால் செய்ய வேண்டியது. தூர் அடியில் மட்டும் படிவது என்பதும், தூம்பின் தூசி நான்கு சுவர்களிலும் படிவது என்பதும் சிறிய வேறுபாடுகள்தான். அவற்றை நான் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது நிலையை, அதாவது உண்மையிலேயே அடைபட்ட தூம்பைத் திறப்பதை மட்டும் ‘தூர்வாரல்’ என்று தனியே குறிக்கலாம் என்றால் நான் முழுமனத்தோடு உடன்படுவேன்.

பொதுப்பெயராக ‘தூம்புத் துப்புரவு’ என்பதை முன்வைக்கிறேன். துப்புரவு ஒரு வேலையின் பெயர். அது செய்யப்பட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியும். உடல்நலம் பற்றி அது எதையும் வாக்களிப்பதில்லை. விற்பவர் சொல்லும் நன்மையைக் கலைச்சொல்லே ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு ‘இந்த நன்மைக்குச் சான்று உண்டா’ என்று தமிழில் ஒரு கட்டுரை எழுதுவதே கடினமாகிவிடும்.

வேலையின் உள்ளே போனாலும் இந்தச் சொல் தாங்குகிறது. ‘சுத்தம் செய்தல்’ என்றவுடன் தண்ணீரும் ஈரத்துணியும் நினைவுக்கு வரும். இங்கே நீருக்கு இடமில்லை. தலைத்தூம்பில் ஒரு திறப்பு வைத்து, வலிமையான உறிஞ்சுகருவியை இணைத்து, தூம்பமைப்பு முழுவதையும் அறையைவிடக் குறைந்த அழுத்தத்தில் நிறுத்துகிறார்கள். அதன் பிறகுதான் சுழல்தூரிகையாலோ அழுத்தக்காற்றாலோ படிவுகளைக் கிளப்புகிறார்கள். கிளம்பிய தூசி அறைக்குள் சிந்தாமல் கருவியை நோக்கியே போகிறது. உறிஞ்சுகருவி வீட்டுக்கு வெளியே காற்றை விட வேண்டும். உள்ளேயே விடுவதானால் 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி அதற்கு வேண்டும். முடிந்தபின் வெட்டிய திறப்புகளைக் காற்றுப் புகாமல் மூடுவதும் பணியின் பகுதியே.

இந்த இடத்தில் ஒரு கிளைச்சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘நெகட்டிவ் பிரஷர்’ என்பதை ‘எதிர்மறை அழுத்தம்’ என்று ஒரு நண்பர் பெயர்த்திருந்தார். தூம்புக்குள் அழுத்தம் சுழிக்குக் கீழே போவதில்லை. சுற்றியுள்ள காற்றைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கிறது, அவ்வளவே. வானிலை அறிக்கைகளில் காற்றழுத்தத் தாழ்வு என்று நாள்தோறும் கேட்கிறோம். ‘தாழழுத்தம்’ என்றால் எவருக்கும் புரியும், இயற்பியலும் பிழைபடாது.

‘துப்புரவு’ எதுவரை நீள்கிறது என்பதையும் வரையறையில் எழுத வேண்டும். தூம்பின் சுவரை மட்டும் துடைத்துவிட்டு ஊதுவிசிறி, குளிர்ச்சுருள், வடிதட்டு ஆகியவற்றை விட்டுவிட்டால் பணி அரைகுறையாகவே நிற்கும். அமெரிக்காவில் இத்துறையினர் 1989இல் தொடங்கிய நாட்கா என்னும் சங்கமும் தூம்போடு நிறுத்தாமல் அமைப்பு முழுவதையும் துப்புரவு செய்ய வேண்டும் என்றே வலியுறுத்துகிறது. அப்படியென்றால் பெயர் ‘காற்றமைப்புத் துப்புரவு’ என்றல்லவா இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பது சரி. ஆனால் ஆங்கிலத்திலும் பகுதியின் பெயரே முழுமைக்கு ஆகிவந்திருக்கிறது. தமிழிலும் அப்படி வழங்கட்டும், வரையறை முழுமையைச் சொல்லட்டும்.

துப்புரவில் அடங்காதவற்றையும் பிரித்து வைப்பது நல்லது. நுண்ணுயிர்களைக் கொல்ல மருந்து தெளிப்பது ‘உயிர்க்கொல்லி தெளித்தல்’ என்ற தனிச்செயல். இழைக்கண்ணாடிப் பலகையாலான தூம்புகளிலும், உட்புறம் இழைக்கண்ணாடி வேய்ந்த தூம்புகளிலும் பயன்படுத்துவதற்கென்று எந்த உயிர்க்கொல்லியும் அம்முகமையிடம் பதிவு செய்யப்படவில்லை என்று முன்சொன்ன வழிகாட்டி எச்சரிக்கிறது. அத்தகைய தூம்பு நனைந்து பூஞ்சை பிடித்தால் துப்புரவு என்ற சொல்லுக்கே இடமில்லை. அந்தப் பகுதியை மாற்றியாக வேண்டும். கசிவை அடைப்பதும் வேறு பணி. சாதாரண வீடுகளில் தூம்புவழி செல்லும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு கசிவால் வீணாகிறது என்பது அமெரிக்க அரசின் எரிசக்திச் சிக்கனத் திட்டமான எனர்ஜி ஸ்டாரின் மதிப்பீடு. எரிசக்திச் சிக்கனம் என்ற பெயரில் துப்புரவை விற்கும் விளம்பரங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கின் நிழலில்தான் நிற்கின்றன. ‘தூம்படைப்பு’, ‘தூம்புத் துப்புரவு’ என்று இரண்டு சொற்களும் தனித்தனியே இருந்தால் அந்த மயக்கம் குறையும்.

ஆகவே வரையறையின் வரைவு இது:

தூம்புத் துப்புரவு: காற்றுத்தூம்புகளையும் அவற்றோடு இணைந்த ஊதுவிசிறி, சுருள், வடிதட்டு, காற்றுவாய் ஆகியவற்றையும் தாழழுத்தத்தில் வைத்து, படிவுகளைக் கிளப்பி உறிஞ்சி அகற்றும் பணி. உயிர்க்கொல்லி தெளித்தலும் தூம்படைப்பும் இதில் அடங்கா.

‘பிளீனம்’ என்பதற்கு எனக்கு நிறைவான சொல் அகப்படவில்லை. கருவியிலிருந்து வரும் காற்று முதலில் சேர்ந்து, பின் கிளைத்தூம்புகளுக்குப் பிரியும் பெட்டி அது. ‘பகிர்பெட்டி’ என்று வைத்தால் வழங்கும் பக்கத்துக்குப் பொருந்துகிறது. மீள்தூம்புப் பக்கத்தில் உள்ள பெட்டியோ காற்றைச் சேர்க்கிறது, பகிர்வதில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமா, அல்லது பகிர்பெட்டி, சேர்பெட்டி என்று இரண்டாகப் பிரிக்கலாமா என்று தகட்டுவேலை அறிந்தவர்கள் சொன்னால் வரைவில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
இழையில் காற்றுத்தூம்பை முன்மொழிந்தவன்