அம்மா நடுச்சாமத்தில குளிக்கிறா, மறதியும் கூடிட்டு, ஹோர்மோனோ?

கிளிநொச்சிப்பொடியன்:
அம்மாக்கு 51. மாதவிலக்கு நிண்டு ஒரு வருசமாகுது. மார்கழிக் குளிருக்க நாங்கள் போர்த்துக்கொண்டு படுத்திருக்க, ரெண்டு மணிக்கு கிணத்தடியில வாளிச் சத்தம், எழும்பிப் பாத்தா அம்மா தலையில தண்ணி வாக்கிறா. கறிக்கு ரெண்டுதரம் உப்புப் போடுறா, பக்கத்து வீட்டு மாமியின்ர பேரே வருதில்ல. அம்மம்மா உடம்புச்சூடு எண்டு வெந்தயம் ஊறப்போட்டுக் குடுக்கிறா. மூளையில ஏதும் பிரச்சினையோ? வீட்டில கேக்க வெக்கமாக் கிடக்கு.

முல்லைத்தாதி:
இதில என்ன வெக்கம் தம்பி. சூலகம் ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஹோர்மோனைச் சுரக்கிறது நிண்டா கர்ப்பப்பையோட மட்டும் முடியாது, மூளையிலயும் அதைப் பிடிக்கிற றிசெப்டர் இருக்கு, ஞாபகத்துக்குரிய ஹிப்போகம்பஸிலயும் இருக்கு. மூளையின்ர அடியில இருக்கிற ஹைப்போதலமஸில ஒரு கூட்டம் நரம்புக்கலங்கள ஈஸ்ட்ரஜன்தான் அடக்கி வச்சிருந்தது, அது குறைய அதுகள் பெருத்து நியூரோகைனின் பி எண்ட இரசாயனத்தைக் கூடச் சுரந்து பக்கத்தில சூட்டைப் பாக்கிற இடத்தைக் குழப்புதுகள். உடம்பு சுடேல்ல, மூளைதான் சுடுதெண்டு நினைச்சு வேர்க்க வைக்குது. இதைத் தடுக்கிற ஃபெசோலினெட்டன்ட் எண்ட குளிசைய அமெரிக்காவில 2023 இல அனுமதிச்சவை, அது ஹோர்மோன் இல்ல. ஹோர்மோன் குளிசைய மட்டும் தானா வாங்கிப் போடவிடாதேங்கோ, 65 தாண்டித் துவங்கின ஆக்களுக்கு மறதிநோய் கூடினதெண்டு 2003 இலயே ஆய்வு வந்தது.

நெடுங்கேணிமாமி:
எனக்கு 48 இல துவங்கினது பிள்ளை, நாலு வருசம் பட்டன். கச்சான் உடைச்சுக்கொண்டு இருக்கேக்க நெஞ்சில இருந்து நெருப்பு ஏறுற மாதிரி வரும். வயசுக்கோளாறு எண்டு ரெண்டு பனடோலத் தந்து அனுப்பிச்சினம், பேந்து இன்னொரு டொக்டர் பாத்தாப் பிறகுதான் தெரிஞ்சுது தைரொயிட்டும் சேந்து கிடந்ததெண்டு. அதையும் சுகரையும் பாக்கச் சொல்லும். மறதி எனக்கு இப்ப கனக்கக் குறைஞ்சிட்டு.

மல்லாவிவாத்தி:
2024 இல பெட் ஸ்கான் எண்டு மூளையைப் படம் எடுத்துப் பாத்த ஒரு ஆய்வில மாதவிலக்கு நிண்ட பெண்களின்ர மூளையில அந்த றிசெப்டர் குறையேல்ல, கூடித்தான் இருந்தது. இரணைமடுக் குளத்தில தண்ணி வத்த வத்த நாங்கள் வாய்க்கால அகலமா வெட்டி வச்சுக்கொண்டு பாத்திருக்கிற மாதிரித்தான். ஆம்பிளையளுக்கும் டெஸ்டஸ்டிரோன் எண்ட ஆண் ஹோர்மோன் குறையும், ஆனா 30, 40 தாண்ட வருசத்துக்கு ஒரு வீதமளவில மெல்ல மெல்ல, உப்பிடிச் சடாரெண்டு விழாது. அதாலதான் எங்களுக்கு உந்தக் கிணத்தடிக் குளிப்பு இல்ல, உங்கட அப்பாவுக்கும் விளங்கப்படுத்துங்கோ.

கிளிநொச்சிப்பொடியன்:
ராத்திரி நானும் எழும்பிப் போய்த் தண்ணி அள்ளிக் குடுத்தனான். "நித்திரை கொள்ளேல்லையோடா" எண்டா. உதுகளைச் சொன்னன், பேசாம நிண்டிட்டு திங்கள் கிளினிக்குக்கு வாறன் எண்டிட்டா. மாமியின்ர பேரும் வந்திட்டுதாம்.