மெஷுகா: எந்த இடத்துல எண்ணிக்கை தவறுச்சு?

தகிட_தகதிமி
ஸ்வீடன் மெட்டல் பேண்ட் மெஷுகாவோட 'ப்ளீட்' பாட்டு, 2008. ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துண்டு) தொடங்கி ரெண்டாவது பார் (நாலு தட்டு சேர்ந்த ஒரு சுத்து) முடியறதுக்குள்ள விரல் எண்ணிக்கை கழண்டுடும். மிதி டிரம்ல 'தக தா தா'னு ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருது. ஒரு தட்டை நாலா வெட்டின பதினாறாம் அளவுல எண்ணினா அது மூணு. கையில ஸ்னேர் டிரம் மட்டும் பிடிவாதமா நாலு. ரெண்டும் 'ஒன்னு'ல, அதாவது பாரோட முதல் தட்டுல, சந்திக்க மூணு பார் ஆகும். மத்த பல பாட்டுகள்லயும் இதே மாதிரி வேலைதான்: நாலாவது, எட்டாவது பார் கடைசியில ரிஃபை வெட்டி ஒட்டிடுவாங்க. ஆக, பெரும்பாலும் விசித்திரத் தாளம்னு ஒன்னும் இல்ல, அடியில நாலுதான்.

வடக்கன்
தாளத்தையே பிடிச்சுத் தொங்குனா எப்படி? பேண்ட் தொடங்கினது ஸ்வீடன் வடக்குல ஊமியோ ஊர், 1987. முதல் ஆல்பம் (1991) மெட்டாலிகா வாடை அடிக்கிற த்ராஷ், அதாவது வேகமான மெட்டல். அப்போ பாடகர் கிட்மன் பாடிக்கிட்டே கிட்டாரும் வாசிச்சார். ரெண்டாவது கிட்டாரிஸ்டா ஹாக்ஸ்ட்ரோம் வந்ததும் கிட்மன் கிட்டாரை இறக்கி வெச்சுட்டார். 1995ல 'ஃபியூச்சர் பிரீட் மெஷின்' பாட்டு நடுவுல இரைச்சல் சட்டுனு அடங்கி, கிட்டாரிஸ்ட் தோர்டென்டல் வழுக்கி வழுக்கி ஒரு சோலோ வாசிப்பாரே, அது ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஆலன் ஹோல்ட்ஸ்வர்த் கேட்டு வளர்ந்த கை. ஜாஸ் இங்கேருந்துதான் உள்ள வந்துச்சு.

எட்டாம்தந்தி
2002 'நத்திங்' ஆல்பம் எட்டுத் தந்தி கிட்டார்ல பதிஞ்சதுனு இன்னமும் எழுதுறாங்க. செய்யச் சொன்ன கிட்டார் சரியா அமையல. ஏழு தந்தியையே கீழ இறக்கி வாசிச்சாங்க. எட்டுத் தந்தி கேக்கணும்னா 2006 மறுவெளியீடு.

எட்டுத் தந்தி கிட்டார் வாங்கப் போறவங்களுக்கு: இவங்க சுருதியில அடித்தந்தி எஃப், சுமார் 43.7 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டார்ல அடித்தந்தி ஈ, 82.4. சாதாரண கிட்டாரோட 25.5 அங்குலத் தந்தி நீளத்துல அந்த எஃப் தொளதொளனு கிடக்கும். பிக் பட்டதும் சுருதி ஏறி இறங்கும், ட்யூனர் ஒன்னு சொல்லும், காது ஒன்னு சொல்லும். குறைஞ்சது 27 அங்குல நீளம், 0.074 அங்குலத் தடிமன் தந்தி வேணும். மெஷுகாவோட ஐபனெஸ் எம்8எம் கிட்டார் 29.4 அங்குலம். நட் (கழுத்து மேல்முனையில தந்தி தாங்குற கட்டை) பள்ளத்தை அரம் போட்டு அகலப்படுத்தலன்னா தந்தி சிக்கிக்கும். முக்கியமா கெயினை (கரகரப்பைக் கூட்டுற அளவு) குறைங்க. டிஸ்டார்ஷனுக்கு (அந்தக் கரகரப்புக்கு) முன்னாடியே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, அந்த இடம் பேஸ் கிட்டாருக்கு. இல்லன்னா அடிக்கும் அடிக்கும் நடுவுல இருக்கிற மௌனம் கூழாயிடும். மௌனம் போனா ரிஃபே போச்சு. 'ப்ளீட்' வேகம் நிமிஷத்துக்கு 115 தட்டு, நீங்க 70ல ஆரம்பிங்க.

தகிட_தகதிமி
கிட்டார் விலைக்கு வேணும்னு இங்க யார் கேட்டா? 115ஓ 70ஓ, ஸ்னேருக்குத் தலையாட்டுங்க, மிதி டிரம் பக்கம் போகாதீங்க. நாலாவது பார்ல 'ஒன்னு' தானா வந்து உக்காரும்.