உருளும் உருளைக்கு உராய்வு "மியூ என்" என்று யார் சொன்னது?

நெம்புகோல்:
மெக்கானிக்ஸ் வீட்டுப்பாடத்துக்கு விடை எழுதித் தருகிறேன் என்று ஒருவர் கிளம்பியிருக்கிறார். கணக்கு இதுதான்: 12 கிலோ திண்ம உருளை, ஆரம் 0.2 மீட்டர், 30 டிகிரி சரிவில் வழுக்காமல் உருண்டு இறங்குகிறது. உராய்வுக் கெழு 0.4. முடுக்கம் என்ன? மகானுபாவர் முதல் வரியிலேயே "உராய்வு = மியூ × என்" (மியூ உராய்வுக் கெழு, என் பரப்பு தரும் செங்குத்து எதிர்விசை) என்று போட்டு, 1.5 மீ/வி² என்று விடை எழுதிவிட்டார். கீழே "இதைப் போடாதவனுக்கு அடிப்படையே தெரியாது" என்று ஒரு குறிப்பு வேறு. எனக்குத்தான் அடிப்படை தெரியாது போலிருக்கிறது. என் விடை 3.27.

கோணவேகம்:
அந்த மகானுபாவர் நான்தான். முதுகுக்குப் பின்னால் பேசுவதற்குப் பதில் நேரே கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி: வினாவில் 0.4 எதற்குக் கொடுத்தார்கள்? அழகுக்கா? கொடுத்த எண்ணைப் பயன்படுத்தாமல் விடை எழுதினால் எந்தப் பேராசிரியர் மார்க் போடுவார்?

நெம்புகோல்:
கொடுத்த எண்ணையெல்லாம் பெருக்கினால் விடை வந்துவிடும் என்றால் நமக்கு நான்கு வருடப் படிப்பு எதற்கு? சரி, உங்கள் வழியிலேயே வருகிறேன். செங்குத்து எதிர்விசை 101.95 நியூட்டன். 0.4-ஆல் பெருக்கினால் 40.78. சரிவு வழியாக இழுக்கும் எடைக்கூறு 58.86. கழித்து 12-ஆல் வகுத்தால் 1.5. இங்கே பேனாவை மூடிவிட்டீர்கள். இன்னும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். மையத்தைப் பற்றித் திருப்புத்திறன் (விசை × தொலைவு) எடுங்கள்: 40.78 × 0.2 = 8.16. நிலைமத் திருப்புத்திறன் (சுழல வைப்பதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு) அரை எம்ஆர்-வர்க்கம் (எம் நிறை, ஆர் ஆரம்), அதாவது 0.24. வகுத்தால் கோண முடுக்கம் 33.98. ஆரத்தால் பெருக்கினால் 6.8. ஆக, உங்கள் உருளையின் மையம் 1.5-இல் இறங்குகிறது, விளிம்பு 6.8-இல் சுற்றுகிறது. இதற்குப் பெயர் வழுக்காமல் உருளுதலா? சேற்றில் மாட்டிய சக்கரம்கூட இப்படிச் சுற்றாது.

ஓரமாக_நிற்பவன்:
ஐயோ பாவம் உருளை.

திசைவெக்டர்:
இருவரும் சுற்றி வளைக்கிறீர்கள். நிலைம விசையை (நிறை × முடுக்கத்தை ஒரு விசையாகக் கருதி) முடுக்கத்துக்கு எதிர்த்திசையில் வரைந்து, தொடுபுள்ளியைப் பற்றித் திருப்புத்திறன் எடுத்தால் உராய்வே வராது. பிரெஞ்சு அறிஞர் டி அலம்பெர் 1743இல் வழி காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நெம்புகோல்:
வந்துவிட்டார். ஃப்ரீ பாடி டயகிராமில் (பொருளின்மேல் செயல்படும் விசைகளை மட்டும் காட்டும் படம்) இல்லாத விசையை வரைய வைத்து மாணவர்களைக் கெடுப்பதே இந்தக் கூட்டம்தான். தொடுபுள்ளியைப் பற்றி எடுக்க நிலைம விசை எதற்கு? அங்கே நிலைமத் திருப்புத்திறன் ஒன்றரை எம்ஆர்-வர்க்கம். எம்ஜி சைன் தீட்டாவை, அதாவது சரிவு வழி எடைக்கூறை, ஆரத்தால் பெருக்கி அதால் வகுத்து, வரும் கோண முடுக்கத்தை மறுபடி ஆரத்தால் பெருக்கினால், முடுக்கம் மூன்றில் இரண்டு பங்கு ஜி சைன் தீட்டா. 3.27. முடிந்தது.

திசைவெக்டர்:
"இல்லாத விசை" என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள். போன மாதம் பெண்டிங் மொமென்ட் (உத்தரத்தை வளைக்கும் திருப்புத்திறன்) வரைபடத்தைத் தலைகீழாக வரைந்துவிட்டு "எங்கள் குறி மரபு இதுதான்" என்று சமாளித்தவர் யார் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

நெம்புகோல்:
அது இழுவிசைப் பக்கம், அதாவது வளையும்போது இழுபடும் பக்கம், வரையும் மரபு. கான்கிரீட் ஆட்கள் கம்பி எங்கே வரும் என்று பார்க்க அப்படித்தான் வரைவார்கள். தலைகீழ் இல்லை. பேச்சை மாற்ற வேண்டாம்.

கோணவேகம்:
பேச்சை மாற்றுவது நீங்கள். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. 0.4 எதற்கு? உராய்வு செங்குத்து விசைக்கு நேர்விகிதம் என்று பிரெஞ்சு அறிஞர் அமோன்டன் 1699இலேயே சொல்லிவிட்டார். உங்கள் விடையில் அந்த விகிதமே காணோம்.

நெம்புகோல்:
வழுக்கும்போதும் வழுக்கத் தொடங்கும் விளிம்பிலும் அந்த விகிதம். நிற்கும்போது இல்லை. மேசைமேல் ஒரு செங்கல் சும்மா இருக்கிறது, பக்கவாட்டில் யாரும் தள்ளவில்லை. உங்கள் கணக்குப்படி அதன்மேல் மியூ-என் உராய்வு இருக்கிறது. எந்தப் பக்கமாக? செங்கல் தானாகவே ஓடிவிடுமா? ஓய்வு உராய்வு, அதாவது வழுக்காத இடத்து உராய்வு, தேவைக்கு ஏற்ப வரும். மியூ-என் அதற்கு உச்சவரம்பு மட்டும்தான். இந்த உருளையில் தொடுபுள்ளியின் வேகம் சுழி, ஆகவே ஓய்வு உராய்வு. தேவை எம்ஜி சைன் தீட்டாவில் மூன்றில் ஒன்று, 19.62 நியூட்டன். வரம்பு 40.78. பாதிகூட இல்லை. 0.4 எதற்கு என்றால் சரிபார்க்க. உருளை வழுக்காமலிருக்கக் கெழு குறைந்தது டான் தீட்டாவில் மூன்றில் ஒன்று, அதாவது 0.19 வேண்டும். 0.4 இருக்கிறது, போதும். கெழு 0.1 என்று கொடுத்திருந்தால் வழுக்கும். அப்போது மியூ-என் போடுங்கள், நானே கைதட்டுகிறேன்.

கோணவேகம்:
ஆக, மியூ-என் போடலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

நெம்புகோல்:
0.1-க்கு ஐயா! 0.1-க்கு!

கோணவேகம்:
எண் மாறினால் இயற்பியல் மாறிவிடுமா? சூத்திரம் ஒன்றுதானே.

மூன்றாம்_செமஸ்டர்:
அண்ணா, சின்ன சந்தேகம். உராய்வு எப்போதும் இயக்கத்துக்கு எதிர்த்திசையில்தானே?

நெம்புகோல்:
இல்லை தம்பி. சைக்கிளை மிதித்து வேகம் கூட்டும்போது பின்சக்கரத்தில் உராய்வு முன்னோக்கித்தான் இருக்கும். அதுதான் வண்டியைத் தள்ளுகிறது. முன்சக்கரத்தில் பின்னோக்கி. எந்தத் திசையில் வழுக்கப் பார்க்கிறதோ அதற்கு எதிர். இதே சோதனையைக் கோணவேகம் அவர்களின் உருளைக்கும் செய்யலாம். விளிம்பு 6.8, மையம் 1.5 என்றால் தொடுபுள்ளி சரிவில் மேல்நோக்கி வழுக்குகிறது. அப்படியானால் உராய்வு கீழ்நோக்கி இருக்க வேண்டும். அவர் வரைந்திருப்பது மேல்நோக்கி. தன் படத்தைத் தானே மறுக்கும் விடையை இப்போதுதான் பார்க்கிறேன்.

திசைவெக்டர்:
"நிலைமத் திருப்புத்திறன்" என்கிறீர்களே, "சடத்துவத் திருப்பம்" என்று படித்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். அதையும் கொஞ்சம் மதியுங்கள்.

ஓரமாக_நிற்பவன்:
அடுத்து டார்க்குக்கு முறுக்குவிசையா திருப்புவிசையா என்று தொடங்கலாம். நான் உட்கார இடம் பார்க்கிறேன்.

திசைவெக்டர்:
திருப்புவிசைதான். தண்டு முறுக்கினால்தான் முறுக்குவிசை.

நெம்புகோல்:
யார் கேட்டார்கள்? ஆற்றல் வழியாகவும் ஒரு முறை போட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது. 1 மீட்டர் உயரம் இறங்கினால் நிலையாற்றல் 117.7 ஜூல். உருளை வழுக்கவில்லை, ஆகவே உராய்வு செய்யும் வேலை சுழி. மூன்றில் இரண்டு பங்கு நேர்கோட்டு இயக்கத்துக்கு, ஒரு பங்கு சுழற்சிக்கு. வேகம் 3.62 மீ/வி. என் 3.27-இலிருந்தும் இதே 3.62 வருகிறது. கோணவேகம் அவர்களின் 1.5-இல் 2.45 வரும். மீதி ஆற்றல் எங்கே போனது?

கோணவேகம்:
உராய்வில் வெப்பமாகப் போயிற்று. இதுகூடத் தெரியாதா?

நெம்புகோல்:
வழுக்காத இடத்தில் வெப்பமா!

கோணவேகம்:
கை இரண்டையும் உரசிப் பாருங்கள், சுடும். உராய்வு என்றாலே வெப்பம்தான். நான் 19 வருடமாகக் கணக்கு சொல்லித் தருகிறேன்.

நெம்புகோல்:
அத்தனை வருடமும் மியூ-என் தானா?

மூன்றாம்_செமஸ்டர்:
அண்ணா, ஜி-க்கு 10 போட்டால் விடை 3.33 வருகிறது. அது தவறா?

கோணவேகம்:
தவறு. 9.81 தான் போட வேண்டும்.

திசைவெக்டர்:
10 போடலாம். மூன்று இலக்கம் கேட்காத கணக்கில் என்ன குறைந்துவிடும்?

கோணவேகம்:
இதனால்தான் உங்கள் வரைபடங்கள் எல்லாம் கோணலாக இருக்கின்றன.

திசைவெக்டர்:
என் வரைபடத்தை இழுக்காதீர்கள். வரைபடம் தலைகீழாகப் போட்டவர் வேறொருவர்.

நெம்புகோல்:
இழுவிசைப் பக்கம்! எத்தனை முறை சொல்வது? அப்புறம், கோணவேகம் அவர்களே, 33.98-க்கு இன்னும் பதில் வரவில்லை. 6.8-க்கும் வரவில்லை.

கோணவேகம்:
0.4 எதற்கு?