சிடி போட இடமில்லாத காரில் அப்பப்பாவின் கூத்தைக் கேட்பது எப்படி?

வட்டக்கச்சிப் பெடியன்:
வணக்கம். பழைய வானைக் கொடுத்துவிட்டு, ஜப்பானில் ஓடிய சின்னக் கார் ஒன்று எடுத்திருக்கிறோம். அதில் யூஎஸ்பி, புளூடூத், றேடியோ உண்டு. சிடி போட இடமில்லை.

எங்களிடம் ஆறு சிடிக்கள் இருக்கின்றன. முல்லைத்தீவுப் பக்கக் கோயில் ஒன்றில் விடிய விடிய நடந்த கோவலன் கூத்து. அப்பப்பாதான் அதைப் பழக்கி நடத்திய அண்ணாவியார். ஊரவர் ஒருவர் ஒலிப்பதிவு செய்து, கொம்பியூட்டரில் எழுதித் தந்தது. வேறு யாரிடமும் பிரதி இல்லை. அப்பப்பாவும் இன்று இல்லை.

மாதாமாதம் அப்பாவை வவுனியாவுக்குக் கிளினிக் கூட்டிப்போகிறேன். வானில் போகும்போது கனகராயன்குளம் தாண்டியும் தொடையில் தாளம் போட்டபடியே வருவார். இப்போது பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார். யூஎஸ்பியில் பூட்டும் சிடி டிரைவ் வாங்கினால் காரில் பாடுமா? அல்லது வேறு வழி உண்டா?

பரந்தன் சந்தி:
கையடக்க சிடி பிளேயர் ஒன்று தேடிப் பாருங்கள். காரில் வெளியிலிருந்து ஒலியைக் கொடுக்கும் ஓக்ஸ் துளை இருந்தால் ஒரு வயர் போதும். பிளேயரின் ஒலியைக் கார் றேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரும் உண்டு, ஆனால் ஜப்பான் றேடியோ 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், புதியவை 95 வரை. 88, 89 பக்கம் வெறுமையான இடம் பார்த்து வைக்கவேண்டும். இரைச்சல் கொஞ்சம் இருக்கும்.

மாங்குளம் சவுண்ட் சேர்விஸ்:
தம்பி, காரில் பாடுவது இரண்டாவது வேலை. முதலில் அந்த ஆறையும் காப்பாற்றுங்கள். வீட்டில் எழுதிய சிடியில் ஒலி ஒரு சாயப் படலத்தில்தான் பதிந்திருக்கிறது. கடையில் விற்கும் அச்சுப் பதிவு போல அது உறுதியானதல்ல. நம்முடைய வெயிலில் டாஷ்போர்டில் கிடந்தால் சாயம் கெடும், தட்டும் வளையும். இனி அவற்றைக் காரில் ஏற்றவே வேண்டாம்.

சாதாரண யூஎஸ்பி சிடி டிரைவைக் காரில் பூட்டிப் பயனில்லை. கார் செற் தேடுவது பென்டிரைவில் உள்ளது போன்ற கோப்புகளை. ஓடியோ சிடியில் அப்படிக் கோப்பே கிடையாது. கொம்பியூட்டரில் திறந்தால் டிராக்01.சிடிஏ என்று தெரியும், ஆனால் அது பாட்டு தொடங்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டும். இழுத்துப் பென்டிரைவில் போட்டால் ஒன்றும் பாடாது. எம்பி3 ஆகவே எழுதியிருந்தால் நேரே கொப்பி பண்ணலாம். முதலில் அதைப் பாருங்கள்.

ஓடியோ சிடியென்றால், அந்த டிரைவை லப்டொப்பில் பூட்டி 'எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி' என்ற இலவச மென்பொருளால் எடுங்கள். கீறல் உள்ள இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து ஒப்பிட்டுப் பார்க்கும். நேரம் எடுக்கும், பொறுங்கள். அதற்கு முன், மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். பெயர் எழுதும் பக்கத்தில் பட்ட கீறல்தான் பொல்லாதது, ஒளியைத் திருப்பும் படலம் அதற்குக் கீழேயே இருக்கிறது.

ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். எம்பி3 போல ஒலியை வெட்டாது, சிடியில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி இடம்தான் பிடிக்கும்.

கூத்து என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். சிடியில் டிராக் மாறினாலும் ஒலி அறாமல் ஓடும். பென்டிரைவில் டிராக் டிராக்காகப் போட்டால் பல கார் செற்றுகள் இடையில் ஒரு கணம் நிறுத்தும். சினிமாப் பாட்டுக்கு அது பரவாயில்லை. தரு என்ற கூத்துப் பாட்டு உச்சத்தில் ஏறும்போது மத்தளம் அறுந்தால் கேட்கிறவருக்கு வயிறு எரியும். ஒவ்வொரு சிடியையும் ஒரே நீளக் கோப்பாக எடுங்கள், அந்த மென்பொருளிலேயே வசதி உண்டு.

வட்டக்கச்சிப் பெடியன்:
அண்ணை, மிக்க நன்றி. சிடிக்களை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். திறந்து பார்த்தேன், எல்லாம் சிடிஏதான். கார் செற் ஃபிளாக் வாசிக்காவிட்டால்?

மாங்குளம் சவுண்ட் சேர்விஸ்:
ஃபிளாக்கை வீட்டில் மூலப் பிரதியாக வைத்துக்கொண்டு, காருக்கு மட்டும் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றுங்கள். மூலத்தை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று சகோதரர் வீட்டிலாவது இருக்கட்டும். பென்டிரைவ் 32 ஜிபி போதும், ஃபாட்32 ஆக ஃபோர்மட் செய்யுங்கள், மற்றவற்றைப் பல செற்றுகள் ஏற்பதில்லை. ஜப்பான் செற்றில் தமிழ் எழுத்து பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில், 01, 02 என்று முன்னால் இலக்கம் போட்டு வையுங்கள்.

ஒட்டுசுட்டான்:
தம்பி, அந்தக் கூத்தின் ஏடு உங்கள் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் பக்கங்களைப் போனில் படம் எடுத்து அதே இடத்தில் சேர்த்து வையுங்கள். ஆடியவர்களின் பெயர், ஊர், யார் மத்தளம், யார் பிற்பாட்டு, எல்லாவற்றையும் அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். அவருக்குத் தெரிந்தது ஒலிப்பதிவில் இல்லை.