புதுப்பிப்பு: அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று கேட்டிருந்தேனே

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது, ராத்திரி படுத்தால் செரிக்காத சோறு அப்படியே வாய்க்கு வருகிறது, தெரு கிளினிக்கில் கேஸ் என்று சொல்லி மாத்திரையாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று. தண்ணீரும் சிக்குகிறதா என்று கேட்டீர்கள் பாருங்கள், அந்தக் கேள்விக்கு ரொம்ப நன்றி. ஆமாம், சிக்கியது.

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். எண்டோஸ்கோபியில் புற்றுநோய் இல்லை என்றானதும்தான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சே வந்தது. அப்புறம் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற மருந்துக் கரைசலைக் குடிக்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். உணவுக்குழாய் மேலே அகன்று, கீழே பறவை மூக்கு மாதிரி கூராக முடிகிறது. மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு, வாய் வாயாகத் தண்ணீர் விழுங்கச் சொல்லி அழுத்தம் பார்க்கும் மானோமெட்ரியில் உறுதியானது: அக்கலேசியா. உணவுக்குழாயில் இருக்கும் நரம்பு செல்கள் அழிந்துபோவதால், இரைப்பை வாசலில் உள்ள தசை விழுங்கும்போது தளர மறுக்கிறது. கேஸ் மாத்திரை இதை என்ன செய்யும்?

பலூனால் விரிக்கலாம், லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுத் தசையை வெட்டலாம், இல்லை 2008இல் ஜப்பானில் தொடங்கிய போயம், அதாவது வாய் வழியாகவே உள்ளே போய்த் தசையை வெட்டுவது. நாங்கள் போயம் செய்தோம். நரம்பு திரும்பி வராது, ஆனால் வழி திறந்துவிட்டது. முதலில் நீராகாரம், பிறகு குழைந்த சோறு, நேற்று முள் எடுத்த சங்கரா மீன் குழம்போடு ஒரு தட்டு முழுக்க, நடுவில் எழுந்து ஓடாமல் சாப்பிட்டார். அமிலம் மேலே வரக்கூடும் என்பதால் அதற்கு மாத்திரை தொடர்கிறது, தலைமாட்டை உயர்த்திப் படுக்கிறார். அடுத்த பரிசோதனை முடிந்ததும் எழுதுகிறேன்.