25 கணினி உள்ள அலுவலகம்: ஹோஸ்ட்ஸ் ஃபைலா, டிஎன்எஸ் சர்வரா?

கேள்வி: 25 விண்டோஸ் கணினி, ஒரு லினக்ஸ் ஃபைல் சர்வர், 3 பிரின்டர். ஆக்டிவ் டைரக்டரி (கணினிகளை மையமாக நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) இல்லை. சர்வர் ஐபி மாறினால், ஒவ்வொரு கணினியிலும் பெயருக்கு ஐபி எழுதி வைத்திருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைல் 25ஐயும் திருத்த வேண்டியிருக்கிறது. டிஎன்எஸ் சர்வர் (பெயருக்கு ஐபி சொல்லும் சர்வர்) இல்லாமல், கணினிகள் ஒன்றையொன்று கேட்டே பெயரைக் கண்டுபிடிக்கும் எம்டிஎன்எஸ் போதுமா?

பதில் 1: போதாது. அது 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு, யுடிபி 5353 போர்ட்டில் கேள்வி அனுப்பும், சப்நெட்டை (ஒரே நெட்வொர்க் பகுதியை) தாண்டாது. வைஃபை தனி விலானில் (பிரித்து வைத்த நெட்வொர்க்கில்) இருந்தால் பிரின்டர் பெயரே தெரியாது. அந்த லினக்ஸ் சர்வரிலேயே டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎன்எஸ் சர்வர் மென்பொருளைப் போடுங்கள். டிஎச்சிபியையும் (கணினிகளுக்குத் தானாக ஐபி வழங்கும் சேவை) அதுவே கொடுத்தால் கணினிப் பெயர்கள் தானாகப் பதிவாகும். முதலில் ரௌட்டரின் டிஎச்சிபியை நிறுத்திவிடுங்கள், இரண்டும் ஓடினால் பாதிக் கணினிகளுக்குத் தவறான டிஎன்எஸ் போகும். சர்வருக்கு நிலையான ஐபி, பிரின்டர்களுக்கு மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வைத்து ரிசர்வேஷன், அதாவது எப்போதும் அதே ஐபி.

பதில் 2: உள் நெட்வொர்க்கின் டொமைன் பெயர் 'லோக்கல்' என்று முடிய வேண்டாம், அது எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. தனியார் நெட்வொர்க்குக்காக 2024இல் ஐகான் (இணையப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பு) ஒதுக்கிய 'இன்டர்னல்' பொருத்தம். பலர் செய்யும் பிழை: இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 (கூகுளின் பொது டிஎன்எஸ்) கொடுப்பது. அங்கே 'அப்படிப் பெயர் இல்லை' என்ற பதில் வந்தால் விண்டோஸ் அதையே ஏற்றுக்கொள்ளும். உள் பெயர்கள் சில நேரம் மட்டுமே வேலை செய்யும். வெளிப் பெயர்களை டிஎன்எஸ்மாஸ்க்கே முன்னனுப்பட்டும்.

கேட்டவர்: போட்டாயிற்று, நன்றி. சர்வர் பெயருக்குப் பிங் போகிறது, பிரவுசரில் மட்டும் அந்தப் பெயர் திறக்கவில்லை.

பதில் 2: பிரவுசரில் 'செக்யூர் டிஎன்எஸ்' ஓடுகிறதா பாருங்கள், அது நேராக வெளி டிஎன்எஸ்ஸைக் கேட்கும், உங்கள் சர்வரைக் கேட்காது. பழைய ஹோஸ்ட்ஸ் வரிகளையும் நீக்குங்கள். டிஎன்எஸ்ஸைவிட அவற்றுக்கே முன்னுரிமை.