குழந்தைக்கு உதட்டில் ரத்தக்கட்டி, ஸ்டீராய்டு கொடுத்தவர்கள் அனுபவம்

நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் கதை பழசு, 2006. பெரியவளுக்குப் பிறந்தபோது ஒன்றுமில்லை. சில வாரத்தில் கீழுதட்டில் ஒரு சிவப்பு, கொசுக்கடி என்று விட்டோம், அப்புறம் மளமளவென்று வளர்ந்து உதடே தொங்கிப்போய், பால் குடிக்கும்போது உரசி உரசிப் புண்ணாகி ரத்தம் கசிய ஆரம்பித்தது. மாமியார் செவ்வாப்பு என்றார். பக்கத்து வீட்டு அக்கா, கிரகணத்தன்று நான் வாசலுக்கு வந்ததுதான் காரணம் என்றார் (எந்தக் கிரகணமோ!). புதுச்சேரியில் காட்டினோம். ஹெமாஞ்சியோமா, அதாவது ரத்தக் குழாய்கள் பெருகி உண்டாகும் கட்டி, பெரும்பாலும் ஒரு வயதுக்குமேல் தானாகவே சுருங்கும், ஆனால் உதட்டிலோ கண் பக்கமோ இருந்தால் காத்திருக்கக் கூடாது என்று டாக்டர் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சிரப் எழுதினார். அப்போது அதுதான் முதல் மருந்து.

வளர்வது நின்றது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் முகம் இட்லி மாதிரி உப்பிவிட்டது, ராத்திரியெல்லாம் அழுகை, ஓயாத பசி, தட்டம்மை ஊசியைக்கூடத் தள்ளிப்போட்டார்கள். சிரப் தீர்ந்ததென்று ஒருநாளும் சட்டென்று நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு போய்க்கொண்டே இருந்தால் உடம்பு சொந்தமாகச் சுரப்பதைக் குறைத்துவிடும், அதனால் படிப்படியாகத்தான் குறைப்பார்கள். இப்போது காலேஜ் போகிறாள், உதட்டோரம் கொஞ்சம் தொளதொள தோல் இருக்கிறது, அதைச் சரிசெய்ய அவளுக்கு இஷ்டமில்லை.

—

அக்கா, நான் லாஸ்பேட்டை. எங்கள் பையனுக்குப் போன வருஷம். கன்னம், தாடை, கழுத்து என்று தாடி வளரும் இடம் பூராவும் சிவப்பு. அப்படி இருந்தால் மூச்சுக்குழலிலும் இருக்கலாம் என்று ஈஎன்டியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், நல்லவேளை இல்லை. ஸ்டீராய்டா என்று பயந்துகொண்டே கேட்டேன். இப்போதெல்லாம் முதலில் ப்ரோப்ரனோலால் என்ற இதய மருந்துதானாம். பிரான்சில் போர்டோ நகரத்தில், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்த குழந்தைக்கு இதயக் கோளாறுக்காக இதைக் கொடுத்தபோது கட்டி வெளுத்துச் சுருங்கியதைத் தற்செயலாகக் கவனித்து 2008-இல் எழுதினார்களாம். எங்களுக்கும் சீக்கிரமே நிறம் மங்கியது.

இதிலும் பயம் உண்டு, சர்க்கரை இறங்கிவிடும். பால் கொடுத்துவிட்டுத்தான் மருந்து. வாந்தி, பேதி, பால் குடிக்கவில்லை என்றால் அந்த வேளை கொடுக்காமல் டாக்டருக்குப் போன் போடுங்கள், மூச்சு இளைப்பு வந்தாலும் அப்படியே. கொடுத்ததைத் துப்பிவிட்டால் திரும்பக் கொடுக்காதீர்கள், அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.